மகாராஜாவுக்கு ஒரு டிக்கெட்

அப்பா முன்கூடத்துத் தரையில் உட்கார்ந்து வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் ஐயனார் கோயில் திருவிழா முடிந்திருந்தது. திருவிழா முடிந்ததும் வாளைச் செங்கல் பொடியால் தேய்த்து, வெயிலில் காட்டி, தேங்காய் எண்ணெய் தடவிப் பெட்டிக்குள் வைப்பது அவர் வேலை. வேறு யாரையும் விடமாட்டார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். பனியனில் ஒரு கிழிசல். ஒரு மகாராஜாவை அந்தக் கோலத்தில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருடத்தில் அப்பா மிகவும் சந்தோஷமாக இருக்கும் நாள் என்பதால்தான் அந்த நாளைப் பார்த்து வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்தாயிற்று.

அப்பா நிமிராமலே கேட்டார். "என்ன ஆத்தா, எதையோ மென்னு முழுங்குற?"

நான் என்ன சொன்னேன் என்பது அப்புறம். முதலில் அந்த வாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், படித்த ஒரு பெண் தன் காதலைச் சொல்ல இவ்வளவு தயங்குவானேன் என்று நீங்கள் கேட்பீர்கள்.

எருமை விடும் பரம்பரை

போன வாரம் எங்கள் வீட்டு எருமைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'நீங்கள் நிஜமாகவே ராஜ பரம்பரையா, இல்லை கதை விடுகிறீர்களா?' என்று கேட்டிருக்கிறார். அம்மா, கதை விடுவதென்றால் யானை விட்டிருப்பேனே, எருமையா விடுவேன்?

திருச்சுழிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் எங்கள் ஊர். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பங்காளிகள் கேஸ் போடுவார்கள், அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துக்கு எங்கள் முன்னோர்கள் ஜமீன்தார்கள். வரி வாங்கினார்கள், வாங்கிய வரியில் கண்மாய் வெட்டினார்கள் என்று அப்பா சொல்வார். அந்தக் கண்மாயில் சீமைக்கருவேலம் நிறைந்து பார்த்திருக்கிறேன், தண்ணீர் நிறைந்து பார்த்ததில்லை.

ஜமீன் போன பிறகு மிஞ்சியது ஒரு பெரிய வீடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் அந்த வாளும்தான். வீட்டின் மேற்குப் பகுதி ஓடு சரிந்து கிடந்தது. கிழக்குப் பகுதியை ஒரு மிளகாய் வியாபாரிக்குக் குடோனாக விட்டிருந்தோம். அதனால் எங்கள் அரண்மனையில் எந்நேரமும் யாராவது தும்மிக்கொண்டிருப்போம்.

அப்படியும் ஊரார் அதை அரண்மனை என்றுதான் சொல்வார்கள். அப்பாவை மகாராசா என்பார்கள். என்னை நாச்சியார் என்பார்கள். ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்கும் அக்கா, "நாச்சியாரே, கொஞ்சம் முன்னால நகருங்க" என்பார். கேலியும் இல்லை, மரியாதையும் இல்லை. பழக்கம்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அது பழக்கமாக இருக்காது. திருவிழா அன்று உச்சி வெயிலில் அப்பா சட்டை இல்லாமல், செருப்பு இல்லாமல், இரண்டு கையிலும் வாளை ஏந்திக்கொண்டு அரண்மனையிலிருந்து கோயிலுக்கு நடப்பார். முன்னால் கொட்டு. ஒருவர், "மகாராசா வாராக, வழி விடுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். கூட்டம் இரண்டாகப் பிரியும். கோயிலில் பூசாரி அப்பாவின் தலையில் பரிவட்டம் கட்டுவார். முதல் விபூதி அவருக்குத்தான்.

மற்ற நாட்களில் அப்பா பேங்கில் லோனுக்காகக் காத்திருந்தவர். தாலுகா ஆபீஸ் பெஞ்சில் பாதி ஆயுளைக் கழித்தவர். எங்கே போனாலும் தோள் கொஞ்சம் குனிந்தே இருக்கும். திருவிழா அன்று மட்டும் அந்த முதுகு நிமிரும். சின்னப் பிள்ளையாக அவர் பின்னால் நடந்தபோது, இவர் வேறு ஆளோ என்று எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. ஜமீன் போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் அந்த முதுகு எனக்கு வேண்டும்.

வாளுக்கு வாரிசு

அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. நான் ஒருத்திதான். எங்கள் வழக்கப்படி, மகன் இல்லாத வீட்டில் மகளை முறைப்பையனுக்குக் கட்டிக் கொடுத்தால் அவன் வாளுக்கு வாரிசு ஆகலாம். மகள் வெளியே போய்விட்டால் வாள் அப்போதே பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி என்றால் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அப்பா உயிரோடு இருந்தாலும் வேட்டியை இறுக்கிக்கொண்டு கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு முறைப்பையன் இருந்தான். அத்தை மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்லவன், வாயாடி. ஒருமுறை போனில், "எல்லாரும் என்னைய வாளுக்குக் கட்டி வைக்கப் பாக்காகளா, ஒனக்குக் கட்டி வைக்கப் பாக்காகளான்னு தெரியல பூரணி" என்றான். நான் ஒரு வார்த்தை சரி என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. அவனும் மறுத்திருக்க மாட்டான்.

ஆனால் அதற்குள் நான் புண்ணாக்குக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

காவியத்துக்கு ஆகாத பேச்சு

அருப்புக்கோட்டையில் பி.காம். படித்தேன். கல்லூரி விட்டு பஸ் ஏறுவதற்கு முன் எருமைகளுக்குத் தீவனம் சொல்லிவிட்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது. ஜமீன் வீட்டு ஆண்கள் கடை வாசலில் நின்று விலை பேசக் கூடாது. பெண்கள் பேசலாமா என்று எந்த முன்னோரும் யோசிக்கவில்லை, அதனால் தடையும் இல்லை. எங்கள் வழக்கங்களில் இப்படிப் பெண்கள் நுழைந்து போகிற சந்து நிறைய உண்டு.

பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, தவிடு விற்கிற கடை. அப்பாவும் மகனுமாக நடத்தினார்கள். உள்ளே நுழைந்தாலே எண்ணெய்ச் சிக்கும் லேசான இனிப்புமாக ஒரு வாசம் அடிக்கும். மகன் பெயர் சண்முகவேல். ஊர் பெயரைச் சொன்னதும், அங்கே ஒரு அரண்மனை உண்டாமே என்றார். எங்கள் வீடுதான் என்றேன். எத்தனை யானை என்றார். இரண்டு எருமை என்றேன்.

சிரித்தார். கல்லூரியில் என்னை 'இளவரசி' என்று சொல்லிச் சிரிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பின் ரகம் தெரியும். இது வேறு ரகம். சிரித்து முடித்துவிட்டு எருமைகளின் பெயரைக் கேட்டார். ஒன்றுக்கு வயிறு சரியில்லை என்றேன். அதற்குப் பருத்திக்கொட்டையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். இதுதான் எங்கள் காதலின் முதல் பேச்சு.

எப்போது காதலானது என்று கேட்டால் ஒன்றுதான் நினைவு வருகிறது. மூடையின் வாயைச் சணலால் கட்டும்போது அவர் ஒரு முடிச்சுப் போடுவார். ஒரு நாள் வீட்டில் அந்த முடிச்சை அவிழ்க்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எருமைகள் கத்தின. அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

படிப்பு முடிந்து, அருப்புக்கோட்டையிலேயே ஒரு ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வேலைக்குப் போவதற்கு அப்பாவிடம் ஆயிரம் காரணம் சொன்னேன். நிஜக் காரணம் அந்தத் தெருவில் இருந்தது.

ஒருமுறை லோடுமேன் வராததால் அவரே மினிவேனில் மூடைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். எங்கள் வீட்டில் வெளிவாசலைத் தாண்டிச் செருப்புக் கால் வரக் கூடாது. அதை அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். தலையில் மூடையோடு அவர் வாசலுக்கு வந்தபோது, பனியனும் கைலியுமாக நின்ற அப்பா, "செருப்பு" என்றார். இவர் அப்பாவைக் காவல்காரர் என்று நினைத்துவிட்டார்.

"குனிஞ்சா மூடை விழுந்துரும். நீங்களே கழத்தி விடுங்கண்ணே" என்று காலை நீட்டினார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்தார். ஒவ்வொரு காலாகக் கழற்றிச் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தார். தான் யார் என்று சொல்லவில்லை. வேன் போன பிறகு, "பையன் நல்லாச் சொமக்கான்" என்றார். அவ்வளவுதான்.

அது காவல்காரர் இல்லை, என் அப்பா என்று பின்னாளில் நான் சொன்னபோது சண்முகவேலுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு வாய்த்த மாப்பிள்ளை

நான் யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்காக இழுத்தடித்தேன். திருவிழா வரும், அப்பாவின் முதுகு நிமிரும், என் வாய் மூடிக்கொள்ளும். அவரிடமிருந்து அந்த ஒரு நாளைப் பிடுங்குவதற்கு எனக்கு என்ன உரிமை என்று தோன்றும். மறுநாள் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகும் வழியில் சண்முகவேல் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். இவரை விட்டுவிட எனக்கு என்ன உரிமை என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அழுதேன். அவர் ஒரு நாளும் என்னை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் கோபித்துக்கொண்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

கண்டுபிடித்தது அம்மா. ஒரு மத்தியானம் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது, "யாரு அது?" என்று கேட்டாள். மிளகாய் நெடியில் கண் கலங்குகிறது என்று சமாளிக்கப் பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா பந்தல்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். ஜமீன் வீட்டு மாப்பிள்ளை, தன்னைவிடக் கீழான வீட்டுப் படி ஏறிப் போய்ப் பெண்ணெடுக்க மாட்டார். அவருக்குப் பதிலாக அவருடைய வாள் போகும். வாள் எங்கே இருக்கிறதோ அங்கே ராஜா இருப்பதாகக் கணக்கு. அம்மா காலத்திலேயே அந்த வழக்கம் எங்கும் ஒழிந்துவிட்டது. தாத்தா மட்டும் பிடிவாதமாகக் கடைசியாக ஒருமுறை நடத்திப் பார்த்தார். மணவறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் பட்டு மெத்தையில் வாளை வைத்தார்கள். அதற்கு மாலை போட்டார்கள். மாப்பிள்ளை சார்பில் அத்தை தாலி கட்டினாள். அப்பாவின் முகத்தை அம்மா பார்த்தது மறுநாள் அரண்மனைக்கு வந்த பிறகுதான்.

இதை அம்மா எப்போதும் வேடிக்கையாகத்தான் சொல்வாள். அன்று அப்படிச் சொல்லவில்லை.

"அந்த வாளு என்னைய ஏறிட்டும் பாக்கல பூரணி. பக்கத்துல ஒக்காந்து, எப்படிப்பட்ட ஆளோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நல்ல மனுசன் வந்தது என் அதிர்ஷ்டம். நீ மனுசனைப் பாத்துக் கட்டு."

எண்ணெய்க் கிண்ணம்

அப்படித்தான் திருவிழாவுக்கு மறுநாள் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட்டேன். அருப்புக்கோட்டை, தீவனக் கடை, நம் ஆட்கள் இல்லை.

அப்பாவின் கை வாளின் நடுவில் நின்றது. "செருப்பைக் கழத்தச் சொன்னவனா?" என்றார். ஆமாம் என்றேன். தான் யாரென்று இப்போது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், அன்று சோறே சாப்பிடவில்லை என்றேன். அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. உடனே அடங்கியது.

வெகுநேரம் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு வாளை மடியில் வைத்துக்கொண்டு, "நீ போனா இதும் போயிரும்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். அவர், "பெட்டியை எடுத்துட்டு வா ஆத்தா" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட விஷயங்கள் எப்படியெல்லாம் முடிந்திருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும். எனக்கு வாய்த்த அப்பா இவர் என்பதால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் கோயில் பொட்டலில் கூட்டம் கூடியது. சித்தப்பா வாளைக் கேட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க அண்ணனுக்குப் பின்னால் நடந்தவர், அவருக்கும் ஒரு ஆசை இருக்காதா? கடைசியில் பெரியவர்கள் நடுவாக ஒரு வழி சொன்னார்கள். மகள் போகட்டும். ஆனால் மகாராசா அந்தக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. போகாமல் இருந்தால் அவர் காலம் உள்ளவரை வாள் அவரிடமே இருக்கலாம். போனால் அன்றைக்கே சித்தப்பாவுக்கு.

அப்பா ஒப்புக்கொண்டார். ஐயனார் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, என் மகள் கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

அப்பா என்னை விட்டுவிட்டு வாளை வைத்துக்கொண்டார் என்றுதான் அன்று நினைத்தேன். கோபம் பொங்கியது. கூடவே, அதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு ஆறுதலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

குடோனுக்கு வந்த மகாராஜா

சண்முகவேல் வீட்டிலும் ஒன்றும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. அரண்மனைப் பெண்ணுக்கு யார் வேலை செய்வது என்று என் மாமியார் புலம்பியதாகக் கேள்வி. மிளகாய் காம்பு கிள்ளிக் காய்த்துப்போன என் கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் புலம்பல் நின்றது. கடைக்குப் பின்னால் குடோன் முற்றத்தில் பந்தல் போட்டுச் சின்னதாகக் கல்யாணம். எவ்வளவு கூட்டிப் பெருக்கியும் தரையில் பருத்திப் பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. என் பட்டுச் சேலையிலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

பெண் வீட்டார் உட்கார ஒரு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஆடிட்டர் ஆபீஸ் அக்காக்கள் இரண்டு பேர். மற்றதெல்லாம் காலி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். ஐயர் என்ன சொன்னார் என்று ஒன்றும் காதில் விழவில்லை.

தாலி எடுக்கப் போகிற நேரத்தில் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினாள். தோளில் சாய்த்து, வேட்டியில் சுற்றிய நீளமான ஒரு பொட்டலம். பொட்டலத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அம்மா நேராக வந்து அந்தக் காலி வரிசையின் முதல் நாற்காலியில் பொட்டலத்தை வைத்தாள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. வேட்டியை விலக்கினாள். எண்ணெய் மினுமினுப்போடு வாள்.

"அவுக வந்துட்டாக. தாலியைக் கட்டச் சொல்லுங்க" என்றாள்.

பெண்கள் அந்த வாளைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எப்படித் தூக்கி வந்தாய் என்று பிறகு கேட்டேன். "எனக்குப் புருசனா வந்து ஒக்காந்த வாளு. கட்டுன புருசனைத் தொடாம எப்படிக் கூட்டிட்டு வாரது?" என்றாள். கூட்டத்தில் சத்தியம் வாங்கியவர்கள் அம்மாவைக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லவே இல்லை. நான் சொன்ன சந்து இதுதான்.

அன்று காலையில் அப்பாவே வாளை எடுத்துத் துடைத்துத் தன்னுடைய பட்டு வேட்டியில் சுற்றிக் கொடுத்தாராம். போகும்போது, "எனக்கு ஒரு டிக்கெட்டு எடுத்துரு" என்றாராம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் ஆகியிருந்த புதிது. கண்டக்டர் பொட்டலத்தைப் பார்த்து, "என்னம்மா இது, கடப்பாரையா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "எனக்கு ஓசி தம்பி. மகாராசா ஆம்பளை, அவுகளுக்கு ஒரு டிக்கெட்டுப் போடுங்க" என்றாளாம். சுமைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அவரும் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

தாலி கட்டி முடித்ததும் நாங்கள் இருவரும் அந்தச் சிவப்பு நாற்காலி முன்னால் விழுந்து கும்பிட்டோம். சண்முகவேல் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது. முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

பந்தி போட்டார்கள். என் மாமியார் தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்து, சம்பந்தி சாப்பிடுவாரா என்று கேட்டார். அவர்கள் கடைக்காரர்கள். வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பிப் பழக்கம் இல்லாதவர்கள். வாளுக்கு எதிரே ஒரு இலை போட்டு, உப்பிலிருந்து பாயசம் வரை எல்லாம் பரிமாறினார்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்த அம்மா, கிளம்பும்போது அந்த இலையில் இருந்ததை அப்படியே தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள்.

போனில் கேட்ட கூட்டம்

ரகசியமெல்லாம் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது? என் நாத்தனார் எடுத்த போட்டோ மறுநாளே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. மாலையும் கழுத்துமாக நாங்கள், நடுவில் நாற்காலியில் வாள். சித்தப்பா அதைப் போனில் வைத்துக்கொண்டு பொட்டலில் மறுபடி கூட்டம் போட்டார்.

அம்மா எனக்கு போன் போட்டு, கட் பண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் குடோனில் ஒரு பருத்திக்கொட்டை மூடைமேல் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். சேலை உரசுகிற சத்தம், வளையல் சத்தம், நடுவில் ஊர்க் குரல்கள். சண்முகவேல் பக்கத்தில் நின்றார்.

சத்தியத்தை மீறிவிட்டார் என்றார் சித்தப்பா. பெரியவர் ஒருவருக்கு அப்பாமேல் பிரியம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மகாராசா ஊரைவிட்டு அசையவில்லை என்பதற்கு எல்லோரும் சாட்சி. போனது வாள்தான். "அது வெறும் இரும்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மகாராசா. பேச்சு முடிஞ்சது. வாளு ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

சொல்லிவிடுங்கள் அப்பா என்று வாய்விட்டே சொன்னேன். அங்கே யாருக்குக் கேட்கும்? அந்த ஒரு வார்த்தையில் அவருடைய திருவிழா அவருக்கே இருந்திருக்கும். என்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு அப்பாவின் குரல் வந்தது. பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

"இரும்புன்னா, இவளை நான் கட்டவே இல்லைன்னு ஆயிரும். நான் போயிருந்தேன். டிக்கெட்டு எடுத்துத்தான் போனேன். பந்தியில ஒக்காந்து சாப்புட்டும் வந்தேன்."

அம்மாவின் வளையல்கூட அசையவில்லை.

"எம் மக கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். சாமி குத்தம் என்னோட போகட்டும். வாளை எடுத்துக்கிடுங்க."

நான் அந்த மூடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத அழுகையை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மறுவருடம்

அடுத்த திருவிழாவுக்கு நாங்கள் போனோம். போகவே பயமாக இருந்தது. அப்பா வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். அவரோ சண்முகவேல் எடுத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டார். திருவிழா நாளில் நான் அவரைச் சட்டையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. பாக்கெட்டில் ஏதோ தாள் மடித்து வைத்திருந்தார். அம்மா எடுத்த டிக்கெட் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் கேட்கவில்லை.

பாதை ஓரமாகக் கூட்டத்தில் நின்றோம். சேவு பொட்டலம் வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார். தெரிந்தவர்கள் வந்து என்ன பேசுவதென்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அவர் தோள் குனிந்திருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சட்டையில் ஒன்றும் தெரியவில்லை.

கொட்டுச் சத்தம் நெருங்கியது. சித்தப்பா வாளை ஏந்திக்கொண்டு வந்தார். பாவம், சுடுகிற மண்ணில் அவருக்கு நடந்து பழக்கமில்லை. கால் மாற்றி மாற்றி வைத்தார். அப்பா என் பக்கம் குனிந்து, "ஓரமா மண்ணு சூடு கம்மி. முந்தியே சொல்லியிருக்கணும் அவனுக்கு" என்றார்.

"மகாராசா வாராக, வழி விடுங்க" என்று குரல் கேட்டது. அத்தனை வருடப் பழக்கம். அப்பா சட்டென்று ஒரு அடி முன்னால் வைத்துவிட்டார். நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன். வைத்த காலை அவர் மெல்லப் பின்னுக்கு எடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஊரோடு சேர்ந்து அவரும் வழிவிட்டார். வாள் எங்களைத் தாண்டிப் போய்க் கொட்டுச் சத்தம் கோயிலுக்குள் அடங்கிய பிறகும் அந்தக் கையை விடவில்லை.